சூடு, புளிப்பு, எண்ணெய், நேரம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் புதிதாகக் குடியேறும் அகதிக் குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் இருக்கிறதா என்று சோதிப்பது வழக்கம். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த பிள்ளைகளிடம் அது மற்ற நாட்டுப் பிள்ளைகளைவிடக் கூடுதலாகத் தென்பட்டது. காரீயம் என்றாலே அந்த ஊரில் பழைய வீடுகளின் சுவர்ப் பெயின்ட்டைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுண்டியின் ஆய்வாளர்களோ அடுப்படிக்குப் போனார்கள். அந்தக் குடும்பங்கள் புழங்கிய அலுமினியச் சட்டிகளையும் பிரஷர் குக்கர்களையும் வாங்கி வந்து, நீர்த்த அசெட்டிக் அமிலத்தை ஊற்றிக் காய்ச்சி, வெளியே வந்ததை அளந்தார்கள். பல பாத்திரங்களிலிருந்து காரீயம் இறங்கியிருந்தது. எவர்சில்வர் பாத்திரங்களில் அது மிகக் குறைவு. இந்த ஆய்வு 2022-இல் வெளியானது. 2024-இல் சமையல் பாத்திரங்களில் காரீயத்துக்கு வரம்பு வைத்து வாஷிங்டன் மாநிலம் தனிச்சட்டமே இயற்றியது.

2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. காரீயம் கசியக்கூடிய இறக்குமதிப் பாத்திரங்கள் பற்றிய அந்த அறிக்கையில் நமக்குப் பழக்கமான ஒரு பெயர் இருந்தது: இண்டாலியம். நம் ஊர்ப் பாத்திரக்கடைகளில் எடை போட்டு விற்கும் அதே அலுமினியக் கலவைதான்.

இண்டாலியம் எல்லாமே நஞ்சு என்று இதற்குப் பொருளில்லை. சுத்தமான உலோகத்தில் வார்த்த பாத்திரத்தில் காரீயத்துக்கு இடமில்லை. பழைய எஞ்சின் பாகங்கள், ரேடியேட்டர்கள், உதிரிச் சாமான்கள் என்று கிடைத்ததையெல்லாம் உருக்கி வார்க்கும்போதுதான் அது உள்ளே நுழைகிறது. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் சியாட்டில் சோதனையின் முறையிலேயே சமையலறைக்குத் தேவையான பாடம் இருக்கிறது. காரீயத்தை வெளியே இழுக்க அவர்கள் பயன்படுத்தியவை அமிலம், சூடு, நேரம். அதாவது புளிக்குழம்பு வைத்து, கொதிக்கவிட்டு, இரவு முழுக்கச் சட்டியிலேயே விட்டுவைத்தால் என்ன நடக்குமோ அதைத்தான் ஆய்வகத்தில் செய்தார்கள்.

பிளாஸ்டிக்குக்கும் இதே கணக்குதான். உணவுப் பொட்டலத்துக்கான பிளாஸ்டிக்கை இந்தியத் தரநிர்ணய அமைப்பும் ஐரோப்பிய ஒன்றியமும் சோதிக்கும்போது 3 சதவீத அசெட்டிக் அமிலத்தில் ஊறவைக்கிறார்கள். எண்ணெயிலோ எண்ணெய்போல் நடந்துகொள்ளும் கரைப்பானிலோ ஊறவைக்கிறார்கள். குறிப்பிட்ட வெப்பத்தில், குறிப்பிட்ட நேரம் வைத்திருந்து, எவ்வளவு பொருள் இறங்கியது என்று பார்க்கிறார்கள். ஆக, பாத்திரத்திலிருந்தோ உறையிலிருந்தோ ஒரு வேதிப்பொருள் சோற்றுக்கு வர நான்கு வழித்துணைகள் உண்டு: சூடு, புளிப்பு, எண்ணெய், நேரம். இவற்றில் ஒன்றைக் குறைத்தாலே வரத்து குறையும். அதற்குப் பெரும்பாலும் காசு செலவில்லை. இந்த அத்தியாயத்தின் சாரம் அவ்வளவுதான்; மீதியெல்லாம் அதை எங்கெங்கே பொருத்துவது என்பது.

பாத்திரம்

வீட்டில் இருக்கும் அலுமினியத்தை ஒரே நாளில் தூக்கிப் போட எல்லாருக்கும் வசதி இருக்காது. போடவும் வேண்டாம். பால் காய்ச்ச, அரிசி வேகவைக்க, வெந்நீர் போட அதை வைத்துக்கொள்ளலாம். சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, தக்காளித் தொக்கு, மோர்க்குழம்பு ஆகியவற்றை மட்டும் எவர்சில்வருக்கோ மண்சட்டிக்கோ மாற்றிவிடலாம். அதுவும் முடியாத வீட்டில், அலுமினியத்தில் வைத்த குழம்பைக் கொதித்த கையோடு வேறு பாத்திரத்துக்கு ஊற்றிவிட்டால் நேரம் என்ற துணையையாவது வெட்டியதாகும். எங்கே வார்த்தது என்று தெரியாத, முத்திரை இல்லாத இண்டாலியச் சட்டிக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அதை முதலில் கழிக்க வேண்டும். புதிதாக வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு அந்த முத்திரை கட்டாயம் என்று மத்திய அரசு 2024-இல் உத்தரவிட்டிருக்கிறது.

எவர்சில்வரும் முழுத் துறவி இல்லை. புதுப் பாத்திரத்தில் தக்காளியைக் கொதிக்கவைத்தால் கொஞ்சம் நிக்கலும் குரோமியமும் இறங்கும். அமெரிக்காவில் தக்காளிச் சாறை வைத்துச் செய்த சோதனையில், சமைக்கச் சமைக்க இந்த இறக்கம் குறைந்து, ஆறாவது தடவைக்குப் பிறகு ஒரு நிலைக்கு வந்தது. புதுப் பாத்திரத்தை முதல் சில தடவை புளியில்லாத சமையலுக்குப் பழக்கினால் போதும். ரசத்துக்கென்று வைத்திருக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. வெள்ளீயம் பெரிய கவலை தராது. அதில் காரீயம் கலந்துவிட்டால் கதை மாறிவிடும். ரசத்தின் சூடும் புளிப்பும் சேர்ந்து அதை இழுத்துவிடும். வெள்ளீயம் விலை அதிகம் என்பதால், நம்ப முடியாத அளவுக்கு மலிவாகக் கிடைக்கும் சொம்பைச் சந்தேகிப்பதே நல்லது.

நான்ஸ்டிக் தவாவின் பூச்சு பி.டி.எஃப்.ஈ. என்ற பாலிமர். டூபான்ட் நிறுவனத்தின் நியூஜெர்சி ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் 1938 ஏப்ரல் 6-ஆம் தேதி தற்செயலாகக் கண்டுபிடித்தது. சாதாரணச் சமையல் வெப்பத்தில் அது எதனோடும் வினைபுரியாது. சுரண்டி விழுந்த துணுக்கை விழுங்கினாலும் உடம்பில் தங்காமல் வெளியேறிவிடும். 260 பாகை செல்சியஸைத் தாண்டினால்தான் சிதையத் தொடங்குகிறது. அந்தப் புகை மனிதருக்குச் சளிக்காய்ச்சல் போன்ற உபாதையைத் தரும். கூண்டுப் பறவைகளைக் கொன்றுவிடும். வெறும் தவாவைப் பெரிய தீயில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனால் சில நிமிடங்களில் அந்த வெப்பம் வந்துவிடும். பூச்சைத் தயாரிக்க முன்பு பயன்படுத்திய பி.எஃப்.ஓ.ஏ. என்ற துணைப்பொருள்தான் பெரிய வில்லன். அது மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கும் வகை. 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிக்கவேண்டிய பொருள்கள் பட்டியலில் அது சேர்ந்தது. 2023-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்தியது.

இதற்கு மாற்று, விலை உயர்ந்த 'செராமிக்' தவா இல்லை; இரும்புத் தோசைக்கல். எண்ணெயை மெல்லப் பூசிச் சூடாக்கும்போது அதன் கொழுப்பு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கல்லின்மேல் கெட்டியான படலமாகின்றன. பழக்கிய கல்லில் தோசை ஒட்டாமல் எழுவது இதனால்தான். நான்ஸ்டிக் பூச்சு தேயத் தேயக் கெடும். இந்தப் படலம் சுடச் சுட வளரும். இரும்புச் சட்டியில் வைக்கும் புளிக்குழம்பில் கொஞ்சம் இரும்பு இறங்கத்தான் செய்யும். அது நமக்கு லாபம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) 5 வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்பும் கால்சியமும் குறைந்த உடல் காரீயத்தை அதிகமாக உறிஞ்சும். கீரை, கேழ்வரகு, மேலே பிழிந்த எலுமிச்சை ஆகியவையும் காரீயத்துக்கு எதிரான தடுப்புதான்.

உறையும் டப்பாவும்

நான்கு துணைகளில் மூன்று ஒருசேர வேலைசெய்யும் இடம் ஊறுகாய் டப்பா. புளிப்பு, எண்ணெய், மாதக்கணக்கான நேரம். போதாததற்கு உப்பு வேறு. பிளாஸ்டிக்கில் வாங்கிய ஊறுகாயை வீட்டுக்கு வந்ததும் பழைய கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றுவது ஒரு நிமிட வேலை. அடுத்தது சுடச்சுடச் சாம்பாரை ஊற்றிக் கட்டிய கவர். நேரம் குறைவு, ஆனால் சூடும் புளிப்பும் எண்ணெயும் உச்சத்தில். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. தடையிருந்தும் கவர் ஓடவில்லை. கடைக்குத் தூக்குவாளி கொண்டுபோகும் பழைய பழக்கத்தைவிடச் சிறந்த மாற்று இன்றுவரை வரவில்லை.

காகிதக் கப்பும் முழுக்கக் காகிதமில்லை. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கும். கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் அதில் 85 முதல் 90 பாகை சூட்டில் 100 மில்லி நீரை ஊற்றி 15 நிமிடம் வைத்தபோது சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்களை எண்ணினார்கள். அவை உடலுக்குள் என்ன செய்கின்றன என்ற ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கண்ணாடி கிளாஸில் டீ கேட்பதற்கு அதன் முடிவுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பால் புட்டியும் அப்படியே: கொதிநீரில் புட்டியைச் சுத்தம் செய்துவிட்டு, பாலை எவர்சில்வர் பாத்திரத்தில் கலக்கி, ஆறிய பிறகு புட்டிக்கு ஊற்றலாம்.

வடை, பஜ்ஜியின் எண்ணெயை நாளிதழில் ஒற்றுவது இன்னும் ஒழியாத வழக்கம். அச்சு மை, தாளுக்குள் ஒட்டிக்கொள்வதற்காகச் செய்தது. வயிற்றுக்குப் போவதற்காகச் செய்ததில்லை. சூடான எண்ணெய் அதைக் கரைத்து வடைக்கு ஏற்றிவிடும். உணவைச் செய்தித்தாளில் கட்டக்கூடாது என்று 2018-ஆம் ஆண்டின் பொட்டல விதிமுறைகளே சொல்கின்றன. வாழையிலையோ சல்லடைக் கரண்டியோ போதும்.

கழுவுவதும் கொட்டுவதும்

காய்கறி கழுவுவதற்கென்று கடைகளில் விற்கும் திரவங்கள் எவ்வளவு தேவை? அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையம் 2000-இல் இதைச் சோதித்தது. 12 பூச்சிக்கொல்லிகளில் 9-இன் எச்சத்தை ஓடும் குழாய்த் தண்ணீரே குறைத்தது. கடைத் திரவங்கள் அதைவிட மேலாக எதையும் செய்துவிடவில்லை. மருந்து கரைவதைவிட, கையால் தேய்ப்பதும் நீரின் வேகமும்தான் அதைப் பெயர்த்தெடுக்கின்றன. இன்னும் ஒரு படி மேலே போக விரும்பினால் ஆப்ப சோடா இருக்கிறது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், லிட்டருக்கு 10 கிராம் சோடா கரைத்த நீரில் ஆப்பிளை 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது மேற்பரப்பிலிருந்த இரண்டு மருந்துகள் நீங்கின. தோலுக்குள் ஊடுருவியவை அசையவில்லை. அவற்றுக்குத் தோல் சீவுவதுதான் வழி. சீவினால் நார்ச்சத்தும் போகும்.

கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் தனிக் கவனம் கேட்பவை. எடை குறைவு, பரப்பு அதிகம். தெளித்த மருந்து தங்க ஏராளமான இடம். தமிழ்நாட்டிலிருந்து போகும் காய்கறிகளைத் தொடர்ந்து சோதிக்கும் கேரள வேளாண் பல்கலைக்கழகம், புளி கரைத்த நீரில் ஊறவைத்துப் பிறகு நன்றாக அலசச் சொல்கிறது. சட்டியிலிருந்து காரீயத்தை இழுக்கும் அதே புளிப்பு இங்கே நமக்காக வேலை செய்கிறது.

அரிசிக்கும் ஒரு பழைய வழி உண்டு. வங்கத்திலும் பீகாரிலும் நிலத்தடி நீரில் ஆர்செனிக் மிகுதி. அந்த நீர் பாய்ந்த நெல்லிலும் அது சேர்கிறது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தினர் 2006-இல் மூன்று வகைச் சமையலை ஒப்பிட்டார்கள். தெளிநீர் வரும்வரை களைந்து, ஒரு பங்கு அரிசிக்கு ஆறு பங்கு நீர் வைத்து, கஞ்சி வடித்தால் ஆர்செனிக்கில் 57 சதவீதம்வரை போய்விட்டது. ஏறக்குறையப் பாதி களைந்த நீரோடும் பாதி வடித்த கஞ்சியோடும். அளவாக நீர் வைத்துப் பொங்கிய சோற்றில், களையாவிட்டால், எதுவும் போகவில்லை. குக்கர் வந்த பிறகு நம் வீடுகளில் வடிதட்டு மூலைக்குப் போய்விட்டது. அதை மீட்டெடுக்கலாம், இரண்டு நிபந்தனைகளோடு: சமைக்கும் நீர் சுத்தமாக இருக்க வேண்டும்; பி வைட்டமின்களும் கஞ்சியோடு போகும் என்பதை மனத்தில் வைத்து, பருப்பையும் கீரையையும் சோற்றோடு சேர்க்க வேண்டும்.

தண்ணீரால் போகாத நஞ்சும் உண்டு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சைதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அது சுரந்த நஞ்சுக்கு அஃப்லடாக்சின் என்று பெயர். ஈரலில் புற்றுநோய் உண்டாக்கும் இந்தப் பொருள் வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாக அழியாது. ஆனால் அது எல்லாக் கடலையிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை; சுருங்கிய, நிறம் மாறிய, பூஞ்சை பிடித்த சில மணிகளில்தான் மொத்தமும் குவிந்திருக்கும். அதனால் முறத்தில் புடைத்துச் சொத்தையைப் பொறுக்குவது வெறும் சுத்த உணர்ச்சியில்லை, நஞ்சு நீக்கும் நுட்பம். காய்ந்த மிளகாய்க்கும் இதே கதிதான்; ஈரம் படாமல் உலர்த்தி வைப்பதே காப்பு. செக்கெண்ணெய் வாங்குபவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம்: ஆட்டியது பொறுக்கிய கடலையா, கழித்த கடலையா? ஆலையில் சுத்திகரிக்கும்போது போய்விடும் நஞ்சு, செக்கில் போகாது.

அடுப்பு

இதுவரை பார்த்தவை வெளியிலிருந்து வந்தவை. சில வேதிப்பொருள்களை அடுப்பே உண்டாக்குகிறது. 1997-இல் ஸ்வீடனின் ஹாலண்ட்ஸோஸ் ரயில் சுரங்கத்தில், நீர்க்கசிவை அடைக்கப் பூசிய அக்ரிலமைடு ஓடையில் கலந்து மீன்கள் செத்தன, மாடுகள் முடங்கின. தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்த விஞ்ஞானிகள் ஒப்பீட்டுக்காகச் சுரங்கத்துப் பக்கமே போகாதவர்களையும் சோதித்தபோது, அவர்களிடமும் அக்ரிலமைடின் தடயம் இருந்தது. அது எங்கிருந்து வந்தது? விடை 2002-இல் வெளியானது: வறுத்த உருளைக்கிழங்கு, ரொட்டி, பிஸ்கட். மாவுச்சத்துள்ள பொருளை 120 பாகைக்கு மேல் சூடாக்கினால் அதிலுள்ள சர்க்கரையும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சேர்ந்து இது உருவாகிறது. மனிதருக்குப் புற்றுநோய் தருமா என்பதில் உணவுவழிச் சான்றுகள் இன்னும் ஒருமுகமாக இல்லை. எச்சரிக்கை மட்டும் எளிது. நறுக்கிய உருளையை 15 முதல் 30 நிமிடம் நீரில் ஊறவைத்துத் துடைத்துவிட்டு, பொன்னிறத்தோடு எடுத்துவிட வேண்டும். ஆவியில் வேகும் இட்லி 100 பாகையைத் தாண்டுவதில்லை. அங்கே இதற்கு வழியே இல்லை.

பொரித்த எண்ணெயையும் காலம் கெடுக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதன் மூலக்கூறுகள் உடைந்து 'போலார்' சேர்மங்களாகின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக்கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் அளவுகருவி வேண்டாம். எண்ணெய் கறுத்து, பிசுபிசுத்து, நுரைத்து, குறைந்த சூட்டிலேயே புகைந்தால் அதன் காலம் முடிந்தது. சின்ன வாணலியில் கொஞ்சமாக ஊற்றிப் பொரித்து, மிஞ்சியதை வடிகட்டி, இரண்டொரு நாளில் தாளிப்பில் தீர்த்துவிடுவது உத்தமம்.

எல்லாவற்றையும்விடப் பெரியது புகை. விறகு, வரட்டி, மண்ணெண்ணெய் அடுப்புகளின் புகையால் 2020-இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இதுவரை சொன்ன வேறெந்தப் பொருளும் இந்த எண்ணிக்கையை நெருங்காது. 1980-களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களின் அடுப்படிகளில் இந்தப் புகையை அளந்த கிர்க் ஸ்மித், தோராயமான ஒரு விதி சொன்னார்: வீட்டுக்குள் விடும் மாசு, வெளியில் விடும் மாசைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு அதிகமாக மனித நுரையீரலைச் சேரும். கேஸ் அடுப்பும் நைட்ரஜன் டை ஆக்சைடைக் கக்குகிறது. மிளகாய் தாளிப்பும் மீன் வறுவலும் எந்த அடுப்பிலும் நுண்துகள் எழுப்பும். எதிரெதிரே இரண்டு திறப்பு, தாளிக்கும்போது ஒரு மூடி, சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், சமையல் முடிந்த பிறகும் பத்து நிமிடம் அது ஓடுவது: இவை போதும். விறகடுப்பை விட முடியாத வீட்டில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுப்பருகே உட்காராமல் இருப்பதே பெரிய மருத்துவம்.

எதற்கு முதலில் செலவழிப்பது

2024 அக்டோபரில் கறுப்பு பிளாஸ்டிக் கரண்டிகளில் தீத்தடுப்பு வேதிப்பொருள் இருப்பதாக ஓர் ஆய்வு வெளியாகி, உலகெங்கும் மக்கள் கரண்டிகளைக் குப்பையில் எறிந்தார்கள். டிசம்பரில் ஆய்வாளர்களே திருத்தம் வெளியிட்டார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கான பாதுகாப்பு அளவைப் பெருக்கும்போது 4,20,000 நானோகிராம் என்று வரவேண்டியது 42,000 என்று விழுந்திருந்தது. ஒரு பூஜ்ஜியம் போனதில், வரம்பை நெருங்கியதாகத் தெரிந்தது உண்மையில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கரண்டியைச் சூடான எண்ணெயில் வைக்காமலிருப்பது நல்லதுதான். ஆனால் பீதியில் கடைக்கு ஓடுமுன், எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வியை வைத்து வரிசைப்படுத்தினால் புகைக்குத்தான் முதல் ரூபாய். அடுத்தது காரீயம்: புளிச்சமையலுக்கு ஒரு எவர்சில்வர் சட்டி. பிறகு பூஞ்சை, கெட்ட எண்ணெய், சூடான பிளாஸ்டிக். இவற்றுக்குச் செலவே இல்லை. 'நஞ்சற்றது' என்று விளம்பரப்படுத்தும் விலை உயர்ந்த பாத்திரத் தொகுப்புகள் கடைசி வரிசையில் நிற்கட்டும்.

வீட்டால் செய்ய முடியாத ஒன்றும் மிச்சம் இருக்கிறது. மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் வர காரீயக் குரோமேட்டைப் பூசும் வழக்கம் வங்கதேசத்தில் இருந்தது. டாக்காவின் வயிற்றுப்போக்கு ஆய்வு மையமும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் 2019-இல் அதை வெளிப்படுத்தின. அரசு மொத்தச் சந்தைகளில் சோதனை போட்டது, அபராதம் விதித்தது, செய்தியைப் பரப்பியது. காரீயம் கலந்த மஞ்சள் மாதிரிகள் 2019-இல் 47 சதவீதம், 2021-இல் பூஜ்ஜியம். எந்த இல்லத்தரசியும் எவ்வளவு கழுவியும் இதைச் சாதித்திருக்க முடியாது. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கை நகரங்களில் வாங்கிய மஞ்சளைச் சோதித்த பின்னாளைய ஆய்வொன்றில் பாட்னா, கராச்சி, பெஷாவர் மாதிரிகளில் மிக அதிக காரீயம் இருந்தது. பளபளப்பாக மெருகேற்றிய கிழங்கிலும் உதிரித் தூளிலும்தான் ஆபத்து கூடுதல். ஆகவே மங்கலான, மெருகேற்றாத கிழங்கை வாங்கி அரைப்பது வீட்டுக்கான பாதுகாப்பு.

ஊருக்கான பாதுகாப்பு சட்டத்தில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 40-ஆவது பிரிவு, அரசு அதிகாரிக்கு மட்டுமின்றிப் பொருளை வாங்கும் எவருக்கும், கட்டணம் கட்டி அதை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கும் உரிமை தருகிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். குற்றம் நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒரு தெருவின் பத்து வீடுகள் சேர்ந்து ஒரு பொட்டலம் மஞ்சள்தூளை இப்படிச் சோதித்தால் ஆளுக்கு ஆகும் செலவு சொற்பம். அதனால் ஒரு கடைக்காரர் தன் மொத்த வியாபாரியை மாற்றினால், அந்தத் தெருவில் இந்த அத்தியாயத்தைப் படிக்காதவர்களின் குழந்தைகளுக்கும் அது பயன்படும்.